கேப் போட்ட பல்லுக்கும் சொத்தை வரும்

"பல்லுக்கு கேப் (பல்லின் மேல் மாட்டும் உறை) போட்டாச்சுன்னா இனி சொத்தையே வராது, அந்தப் பல்லைத் துலக்கக்கூட வேண்டாம்" என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. தவறு, தயவுசெய்து நம்பாதீர்கள்.

சொத்தை வராதது கேப்புக்குத்தான், அது செராமிக்கோ உலோகமோ. அதற்கு அடியில் இருப்பது உங்கள் சொந்தப் பல். கேப் முடிந்து பல் தொடங்கும் இடம் ஈறை ஒட்டி மெல்லிய விளிம்பாக இருக்கும், அழுக்குப் படலம் படிவது அங்கேதான், கிருமிகள் அந்த வழியாகத்தான் உள்ளே அரித்துக்கொண்டு போகும். வேர் சிகிச்சை (ரூட் கெனால்) செய்த பல்லில் நரம்பு இருக்காது, அதனால் கூச்சமோ வலியோ தெரியாது. என் அம்மாவுக்கு அப்படித்தான் ஆனது: இட்லி சாப்பிடும்போது கேப் கழன்று வந்துவிட்டது, உள்ளே பார்த்தால் பல் கறுத்து, ஊறின மரக்கட்டை மாதிரி மெத்தென்று இருந்தது. அன்றுவரை ஒரு நாள்கூட வலித்ததில்லை.

அதனால் தினமும் இரண்டு வேளை ஃப்ளூரைடு பேஸ்ட் போட்டு, மென்மையான பிரஷ்ஷை ஈறு விளிம்பில் சாய்த்து வைத்துத் துலக்குங்கள், இரவில் பல் இடுக்கில் ஃப்ளாஸ் நூல் விடுங்கள். நூல் விட்டால் கேப் கழன்றுவிடும் என்று பயப்படுகிறார்கள். சரியாக ஒட்டிய நிரந்தர கேப் நூலுக்கு வராது, வந்தால் அது முன்பே தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஐஸ்கட்டி, எலும்பு இதையெல்லாம் அந்தப் பக்கம் கடிக்காதீர்கள். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்கள் மருத்துவரிடம் நைட் கார்டு (இரவில் பல்லில் மாட்டிக்கொள்ளும் பாதுகாப்பு உறை) கேளுங்கள். அப்புறம், கேப் கழன்றால் கடைப் பசை வாங்கி நீங்களே ஒட்டாதீர்கள், ஒரு டப்பாவில் பத்திரமாகப் போட்டு எடுத்துக்கொண்டு சீக்கிரம் பல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.