கைக்கடிகாரத்தோடு ஒரு மல்லுக்கட்டு

ஓட்டப் பயிற்சிக்காக வாங்கிய ஜிபிஎஸ் கைக்கடிகாரத்தில், இதயத் துடிப்பு மண்டலங்களை, அதாவது பயிற்சி எவ்வளவு கடுமை என்று பிரித்துக் காட்டும் துடிப்பு வரம்புகளை, என் உடலுக்கு ஏற்ப மாற்றிவைப்பது ஏன் இத்தனை பெரும்பாடாக இருக்க வேண்டும்? 220 இலிருந்து வயதைக் கழித்து, 45 வயதுக்காரரின் உச்சத் துடிப்பு நிமிடத்துக்கு 175 என்று அது தானாகவே முடிவு செய்துகொள்கிறது. அந்தக் கணக்கு ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்புக்கு மேலும் பிசகக்கூடியது என்பது கடிகாரத்தைச் செய்தவர்களுக்குத் தெரியாதா? உச்சம் தவறினால் அதிலிருந்து பிறக்கும் ஐந்து மண்டலங்களும் தவறிவிடுகின்றன. பேசிக்கொண்டே ஓடும் மெதுவான ஓட்டத்தைக்கூடக் கடும் பயிற்சி என்று பதிந்துகொண்டு, ஓய்வெடுக்கச் சொல்லி அதிர்கிறது.

திருத்தலாம் என்று போனால், உச்சத் துடிப்பு ஒரு பட்டியலில், மண்டலங்கள் வேறொரு பட்டியலில், எச்சரிக்கை ஒலியோ ஒவ்வொரு பயிற்சி வகைக்குள்ளும் தனித்தனியாக இருக்கிறது. சாலை ஓட்டத்துக்கு மாற்றியது டிரெட்மில்லுக்குச் செல்லாது. தானாக இடைநிறுத்தும் வசதியை அணைத்து வைத்தேன். மென்பொருள் புதுப்பிப்புக்குப் பின் அது மீண்டும் முளைத்துவிட்டது. மரங்கள் அடர்ந்த பாதையில் சிக்னல் தடுமாறும்போதெல்லாம், மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருக்கும் நான் நின்றுவிட்டதாகக் கருதி நேரத்தை நிறுத்துகிறது. 400 மீட்டர் விரைவோட்டங்களுக்கு நடுவே, வியர்வை வழியும் விரலால் தொடுதிரையைத் தேய்த்துத் தேய்த்து அதை எங்கே போய்த் தேடுவது? மாற்றியதை மாற்றியபடியே வைத்திருக்கக்கூடவா இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியால் முடியாது?