டம்பெல்லைக் கண்டால் மட்டும் ஏன் இந்தப் பயம்?

"பதினாலு வயசுல வெயிட் தூக்கினா வளர்த்தி நின்னுடும்." இந்தப் பேச்சை இன்னும் எத்தனை வருஷம் கேட்க வேண்டுமோ! அதே பையன் கூடைப்பந்தில் எகிறிக் குதித்துத் தரையில் இறங்குகிற அந்த நொடியில் முழங்கால் வாங்குகிற விசை அவன் உடல் எடையைப் போலப் பல மடங்கு. அதற்குக் கைதட்டுகிறோம். ஐந்து கிலோ டம்பெல்லை எடுத்தால் மட்டும் பதறுகிறோம்.

பயத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்லவில்லை. வளரும் பிள்ளைகளின் எலும்பு முனைகளில் வளர்ச்சித் தட்டு என்று குருத்தெலும்பு இருக்கிறது, அதில் பலமாக அடிபட்டால் சிக்கல்தான். ஆனால் பக்கத்தில் விவரம் தெரிந்தவர் நின்று, முறையாகச் செய்யவைக்கிற பயிற்சியால் உயரம் குறையும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. பருவமடையும் முன் பலம் கூடுவது பெரும்பாலும் தசை பருப்பதால்கூட இல்லை, நரம்புகள் தசைகளை நன்றாக வேலைவாங்கப் பழகுவதால்தான். அதனால் கை குச்சி மாதிரியே இருக்கிறதே என்று கவலைப்படவும் வேண்டாம், கண்ட பவுடரை வாங்கிக் கரைத்துக் கொடுக்கவும் வேண்டாம்.

இன்னொன்று. உயரம் கிடுகிடுவென்று ஏறுகிற இரண்டு வருஷத்தில் மட்டும், பெரியவரானபின் இருக்கப்போகிற எலும்புத் தாதுவில் கால்வாசி அளவுக்குச் சேர்ந்துவிடுகிறது. குதிப்பதும் ஓடுவதும் பாரம் தாங்குவதும் எலும்புக்கு அதிகம் பலன் தருகிற சமயம் அது, நாம் என்னவோ சரியாக அப்போதுதான் பிள்ளையைப் பிடித்து டியூஷனில் உட்காரவைக்கிறோம்.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது, 5 முதல் 17 வயதுவரை தினமும் சராசரியாக 60 நிமிடம் மிதமான வேகத்திலோ அதற்கு மேலோ உடம்பை அசைக்க வேண்டும், வாரத்தில் 3 நாளாவது தசைக்கும் எலும்புக்கும் உறுதி தருகிற வேலையும் வேண்டும். முதல் பாதியை எல்லோரும் சொல்கிறார்கள். இரண்டாவது பாதி எங்கேயோ காணாமல் போய்விடுகிறது.

சரி, இதயத்துக்கு ஓட்டம் நல்லது, தொடர்ந்து ஓடினால் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக ரத்தம் வெளியேறும், ஓய்வில் நாடித்துடிப்பு குறையும். ஆனால் "லேட்டா வந்தியா, பத்து ரவுண்டு ஓடு" என்று தண்டனையாகவே ஓடிய எனக்கு முப்பது வயதுவரை ஷூவைப் பார்த்தாலே எரிச்சல். ஸ்கிப்பிங், நீச்சல், தொட்டுப் பிடித்து விளையாடுவது, எதுவானாலும் சரி, மூச்சு வாங்கினால் போதும். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் வேகம் மிதமாக இருக்கிறது என்று அர்த்தம்.

பலத்துக்கு முதலில் சொந்த உடம்பு எடையே தாராளம், முட்டி ஊன்றிய தண்டாலும் உட்கார்ந்து எழுவதும். அப்புறம் எடை. பத்துப் பதினைந்து தடவை நிலை குலையாமல் தூக்க முடிந்தால் 5 முதல் 10 சதவீதம் கூட்டலாம். முதல் நாளே "எவ்ளோ தூக்குவ, பார்க்கலாம்" என்று கேட்கிற மாஸ்டராக இருந்தால் பிள்ளையை வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுங்கள்.