‘அந்தக் காலத்துல அப்படித்தான்’னு சொல்லாதீங்க

ஞாயித்துக்கிழமை கூட்டத்துல ஒருத்தர் பேசினார், பேர் சொல்லல. இப்ப அமெரிக்க மாநிலமா இருக்கிற டெக்சாஸ், மெக்சிகோகிட்டேருந்து பிரிஞ்சு தனிக் குடியரசா இருந்த காலத்தப் பத்தி, பருத்தி ஏற்றுமதி, கால்வெஸ்டன் துறைமுகம், லண்டன் தூதர்களோட கடிதங்கள்னு பேசினார், நல்லாவே பேசினார். அந்தப் பருத்திய யாருங்க பறிச்சாங்கன்னு கேட்டேன். "அந்தக் காலத்துல அப்படித்தான்"னு ஒரே வரில முடிச்சிட்டார்.

அப்படி இல்லங்க. டெக்சாஸ் மெக்சிகோவோட இருந்தப்பவே, 1829ல மெக்சிகோ அடிமைமுறைய ஒழிச்சு உத்தரவு போட்டுச்சு, டெக்சாஸ்ல இருந்தவங்க கெஞ்சி விலக்கு வாங்கிக்கிட்டாங்க. பிரிட்டன் 1833ல சட்டமே போட்டுச்சு. இவ்வளவுக்கும் அப்புறம் 1836ல டெக்சாஸ் அரசியல் சட்டம் என்ன சொல்லுது? அடிமைகள விடுதலை பண்ற அதிகாரம் காங்கிரசுக்கு, அதாவது அவங்க நாடாளுமன்றத்துக்கு, கிடையாது. அடிமையோட முதலாளியே மனசு வந்து விடுவிச்சாலும் காங்கிரஸ் சம்மதம் வேணும், இல்லேன்னா அந்த ஆள நாட்டுக்கு வெளிய அனுப்பிடணும். தப்புன்னு தெரியாதவன் இவ்வளவு பார்த்துப் பார்த்துப் பூட்டுப் போடுவானா?

அந்தக் கடிதங்கள்லயே சண்டை இருக்கு. 1840ல பிரிட்டன் வெளியுறவு அமைச்சர் பாமர்ஸ்டன் டெக்சாஸ்கிட்ட வர்த்தக ஒப்பந்தத்தோட சேர்த்து, கடல்வழி அடிமை வியாபாரத்தத் தடுக்கிற ஒப்பந்தத்துலயும் கையெழுத்து வாங்கினார். 1843ல அவருக்கு அடுத்து அந்தப் பதவிக்கு வந்த அபர்டீன், உலகம் பூரா அடிமைமுறை ஒழியணும்கிறதுதான் எங்க விருப்பம்னு எழுதினார். அதுக்கு 1844ல அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கால்ஹூன், கறுப்பின மக்களுக்கு அடிமைமுறைதான் நல்லதுன்னு பதில் எழுதினார். எல்லாம் அந்தக் காலத்து ஆளுங்கதான? அப்போ எந்த "அந்தக் காலம்"?

உடனே ‘பிரிட்டனுக்கு வக்காலத்தா’ம்பாங்க. கிடையாது. அவங்களுக்கு அமெரிக்காவ நம்பாம கிடைக்கிற பருத்தி வேணும், டெக்சாஸ் அமெரிக்காவோட சேரக்கூடாது. அடிமைமுறைய ஒழிச்சப்போ 2 கோடி பவுண்டு நஷ்டஈடு கொடுத்தாங்க, அதுவும் முதலாளிகளுக்கு. சங்கிலில கெடந்தவங்களுக்கு ஒரு காசு இல்ல. அப்புறம் அந்தத் தோட்டங்களுக்கு ஆள் எங்கேருந்து போச்சு? நம்ம ஊர்லேருந்தும்தான், மொரிஷியசுக்குக் கப்பல் கப்பலா.

எங்க அப்பத்தாவோட அப்பா மலாயா ரப்பர் தோட்டத்துக்குக் கங்காணி பிடிச்சிட்டுப் போன ஆளு. முன்பணம்னு கொடுத்தத கடனாக் காட்டியே நிறுத்தி வச்சிருந்தாங்க, பெத்த தாய் சாவுக்குக்கூட வர முடியல. அதச் சொல்லி அப்பத்தா அழுறப்ப, பக்கத்துல உக்காந்திருந்த படிச்ச உறவுக்காரர் ஒருத்தர் இதே வரியத்தான் சொன்னார். அப்பத்தா அதுக்கப்புறம் அவர் முன்னாடி அந்தப் பேச்சையே எடுக்கல.

வர்த்தகம் பேசுங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா பருத்தி மூட்டைய எண்ணத் தெரிஞ்சவருக்கு அதப் பறிச்சவங்க மட்டும் எப்படிங்க கண்ணுல படாம போனாங்க? அடுத்த வாரம் இரண்டாம் பகுதியாம். இதே கேள்விய மறுபடி கேப்பேன்.