ஏஜென்ட் யாருமில்லை சார், நான்தான்

விமான நிலையத்துக் கார்கோ கவுன்ட்டரில் இன்று என் பூனையை நிற்கச் சொன்னார்கள். பூனை வளர்ப்பவர்களுக்கு இதற்கு மேல் நான் எதுவும் எழுத வேண்டியதில்லை. தலையில் அடித்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போகலாம். மற்றவர்களுக்காகவும் என் வயிற்றெரிச்சல் தீருவதற்காகவும் மேலே எழுதுகிறேன்.

செல்லப் பிராணியை ஏஜென்ட் வைக்காமல் நாமே வெளிநாட்டுக்கு அனுப்பலாமா என்று யாராவது கேட்டால், சட்டப்படி தாராளமாக அனுப்பலாம். எந்த விதியிலும் ஏஜென்ட் கட்டாயம் என்று நான் போகும் ஐரோப்பிய ஒன்றிய நாடு சொல்லவில்லை. ஆனால் யாரிடம் போய் எதைக் கேட்டாலும் வரும் பதில் ஒன்றே ஒன்றுதான்: "உங்க ஏஜென்ட்டைக் கேளுங்க." மின்னஞ்சல் போட்டால் அதே பதில். தொலைபேசியில் கூப்பிட்டால், பாட்டு முழுவதும் கேட்டு முடித்த பிறகு, அதே பதில். "எனக்கு ஏஜென்ட் இல்லீங்க, நானே பண்றேன்" என்றால் எதிர்முனையில் ஒரு மௌனம் வரும் பாருங்கள். சொந்தமாகப் பல் பிடுங்கிக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னால்கூட அவ்வளவு நேரம் யோசிக்க மாட்டார்கள்.

விதிகளை நான் குறை சொல்ல மாட்டேன். ரேபிஸ் விளையாட்டுக் காரியம் இல்லை; அறிகுறி தெரிந்துவிட்டால் அநேகமாக மரணம்தான். அதனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்காரர்கள் கறாராக இருப்பதில் நியாயம் இருக்கிறது. முதலில் தோலுக்கடியில் வைக்கும் 15 இலக்க அடையாள மைக்ரோசிப். அதற்குப் பிறகுதான், அல்லது அதே நேரத்தில்தான், ரேபிஸ் ஊசி. சிப் போடுவதற்கு முன்னால் போட்ட ஊசி எதுவும் கணக்கில் வராது. பத்து வருடமாக ஒழுங்காகப் போட்டிருந்தாலும் சரி. ரேபிஸ் அபாயம் குறைவு என்று அவர்கள் வைத்திருக்கும் பட்டியலில் இல்லாத நாட்டிலிருந்து போகிறோம் என்றால், ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்பி, எதிர்ப்புச் சக்தி மில்லிக்கு 0.5 ஐ.யு. (சர்வதேச அலகு) அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரத்தம் எடுத்த தேதியிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். காத்திருந்தேன். தேதிகளை நானே காலண்டரில் வட்டம் போட்டு வைத்தேன். இதில் ஒரு இடத்திலும் நான் முணுமுணுக்கவில்லை. ஜப்பானுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போகிறவர்களுக்கு அந்தக் காத்திருப்பு 180 நாள். ஆஸ்திரேலியாவில் இறங்கிய பிறகும் மெல்போர்ன் பக்கத்தில் மிக்கிள்ஹாம் என்ற இடத்தில் குறைந்தது 10 நாள் தனிமை முகாம் வேறு. 2015இல் நடிகர் ஜானி டெப் வீட்டு நாய்கள் இரண்டும் தனி விமானத்தில் சொல்லாமல் கொள்ளாமல் ஆஸ்திரேலியாவில் போய் இறங்கி, திருப்பி அனுப்பாவிட்டால் கொன்றுவிடுவோம் என்று அமைச்சரே மிரட்டும் அளவுக்குப் போனது. தனி விமானத்தில் பறப்பவருக்கே அந்த கதி. நான் எம்மாத்திரம்.

ஆக, விதி பிரச்சினை இல்லை. விதியைக் கையில் வைத்துக்கொண்டு கவுன்ட்டருக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள்தான் பிரச்சினை.

கடைசியில் வாங்கவேண்டிய ஹெல்த் சர்டிஃபிகேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அரசு கால்நடை அதிகாரி கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து 10 நாளுக்குள் பூனை அங்கே போய்ச் சேர வேண்டும். சரி. அந்த அலுவலகத்தில் போனால், "விமான புக்கிங் உறுதியானதுக்கு அத்தாட்சி காட்டுங்க, அப்பதான் சர்டிஃபிகேட்." கார்கோவில் போனால், "சர்டிஃபிகேட் காட்டுங்க, அப்பதான் புக்கிங்." பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும். இரண்டு பக்கமும் இதைச் சொன்னேன். இரண்டு பக்கமும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, "இதெல்லாம் ஏஜென்ட்டுங்க பாத்துப்பாங்க சார்" என்றார்கள். எப்படிப் பார்த்துக்கொள்வார்கள்? அவர்களுக்கு மட்டும் காலம் பின்னோக்கி ஓடுமா? விசாரித்தால் ரகசியம் ஒன்றுமில்லை. ஏஜென்ட் போன் போட்டு, "அண்ணே, நம்ம பூனை ஒண்ணு" என்பார். உடனே தற்காலிக புக்கிங் என்று ஒரு தாள் வரும். அதே தாளைத்தான் நான் எழுத்துபூர்வமாக, மரியாதையாக, மூன்று பேருக்குப் பிரதி வைத்துக் கேட்டேன். நான் அண்ணே என்று கூப்பிடவில்லை, அதுதான் குறை.

சரி, இன்றைய கதைக்கு வருகிறேன். கூண்டை முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ளலாம், பூனையோடு வாருங்கள் என்று கார்கோக்காரர்களேதான் கூப்பிட்டார்கள். போனேன். கவுன்ட்டரில் இருந்தவர் ஆரம்பித்தார்.

"ஏஜென்ட் யாரு சார்?"

"ஏஜென்ட் யாருமில்லை சார், நான்தான்."

"நீங்க ஏஜென்ட்டா?"

"இல்லை, பூனைக்குச் சொந்தக்காரன்."

"அப்ப ஏஜென்ட்?"

இது கொஞ்ச நேரம் ஓடியது. படிவத்தில் ஏஜென்ட் குறியீடு என்று ஒரு கட்டம் இருக்கிறது. அது காலியாக இருப்பதை அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. பேனாவை அந்தக் கட்டத்தின் மேலேயே வைத்துக்கொண்டு என்னையும் பூனையையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் ஒரு கோடு இழுத்துவிட்டு, இன்ச் டேப்பை எடுத்தார்.

கூண்டு அளவுக்கு ஐயாட்டா (சர்வதேச விமான நிறுவனங்களின் சங்கம்) கணக்கு ஒன்று உண்டு. மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை எவ்வளவு நீளம், அதோடு முன்னங்கால் மூட்டு வரையான உயரத்தில் பாதியைச் சேர்த்தால் கூண்டின் நீளம். தோள் அகலத்தைப் போல இரண்டு மடங்கு கூண்டின் அகலம். நிமிர்ந்து நிற்கும்போது தலையோ காது நுனியோ எது உயரமோ, அது இடிக்காத அளவு கூண்டின் உயரம். என் பூனை மீனு தூங்கும்போதும் சாப்பிடும்போதும் டேப்போடு பின்னாலேயே அலைந்து, எல்லாம் அளந்து, ஒரு சுற்றுப் பெரிதாகவே கூண்டு வாங்கியிருந்தேன். பிளாஸ்டிக் கிளிப்பைக் கழற்றிவிட்டு இரும்பு போல்ட்டும் நட்டும் போட்டேன். நாலு பக்கமும் காற்றோட்டம். கதவைத் திறக்காமலே வெளியிலிருந்து தண்ணீர் ஊற்றுகிற மாதிரி உள்ளே கிண்ணம். அளவெல்லாம் எழுதிய தாளை நீட்டினேன். அதை வாங்கி, அதன் மேல் தேநீர் டம்ளரை வைத்துவிட்டு, "நாங்க பாத்துதான் சார் போடணும்" என்றார்.

பிறகு கூண்டை வெளிப்பக்கம் அளந்தார். உள்பக்கம்தானே பூனை இருக்கும் என்றேன். "வெளிப்பக்கம்தான் சார் சார்ஜுக்கு" என்றார். நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி 6000 ஆல் வகுத்தால் எடை. 68, 50, 48 சென்டிமீட்டர். வந்த விடை 27 கிலோ. என் பூனை நாலு கிலோ. மீதி 23 கிலோ காற்று. காற்றோட்டம் வேண்டும் என்று சொன்னவர்களே இப்போது அந்தக் காற்றுக்கு வாடகை கேட்கிறார்கள். இதுவும் உலகமெங்கும் உள்ள கணக்குதான், தெரிந்துதான் வந்தேன். ஆனால், "சின்னக் கூண்டா வாங்கியிருக்கலாமே, ஏஜென்ட் இருந்தா சொல்லியிருப்பாரு" என்றாரே, அங்கேதான் எனக்கு ரத்தம் சூடேறியது.

சூடு ஆறுவதற்குள், "பூனையை நிக்கச் சொல்லுங்க" என்றார்.

நான் கேட்டது சரிதானா என்று மறுபடி கேட்டேன்.

"நிக்கும்போது தலை இடிக்குதான்னு பாக்கணும் சார். நிக்கணும், உக்காரணும், திரும்பணும், படுக்கணும். நாலும் பாக்கணும்."

மீனு அந்தச் சமயத்தில் கூண்டின் பின்மூலையில் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு, காதுகள் இரண்டையும் மடித்து, முதுகு எது வயிறு எது என்று தெரியாத நிலையில் இருந்தது. பக்கத்தில் ஃபோர்க்லிஃப்ட் பீப் பீப் என்று பின்னால் வந்துகொண்டிருக்கிறது. மேலே ஒலிபெருக்கியில் யாரையோ கூப்பிடுகிறார்கள். இந்த நிலையில் எந்தப் பூனை எழுந்து நின்று உயரம் காட்டும்? "மீனு, எந்திரிம்மா" என்றேன். சத்தியமாகச் சொன்னேன். கவுன்ட்டர் முன்னால், வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் கேட்கும்படி. அது என்னைப் பார்க்கக்கூட இல்லை. வரிசையில் ஒருவர் "ச்ச்ச்ச்" என்று கூப்பிட்டுப் பார்த்தார். இன்னொருவர் சாவிக்கொத்தை ஆட்டினார். ஒரு லோடுமேன் வந்து கம்பி வழியாக விரலை விட்டு, கீறல் வாங்கிக்கொண்டு, "ஆமா சார், பூனைதான்" என்று உறுதி செய்துவிட்டுப் போனார்.

நம்மவர் அசரவில்லை. படுத்திருந்த பூனையின் உயரத்தைக் கம்பிக்கு வெளியிலிருந்தே கண்ணை இடுக்கிக் கணித்து, "அரை அடிகூட இல்லையே சார், இதுக்கு எதுக்கு இவ்ளோ உயரமா கூண்டு?" என்றார். அது படுத்திருக்கிறது என்றேன். "அப்ப நிக்கச் சொல்லுங்க" என்றார். நான் முன்பு சொன்ன தாள் டம்ளருக்கு அடியில் இருக்கிறது, அதில் நிற்கும்போது எடுத்த உயரம் இருக்கிறது என்றேன். "அது நீங்க எழுதினது சார். ஏஜென்ட் எழுதிக் கொடுத்தா நாங்க அப்படியே எடுத்துப்போம்."

அதாவது, என் பூனையை ஒரு தடவைகூடப் பார்க்காத ஒருவர், தன் அலுவலகத்தில் உட்கார்ந்து ஓர் எண்ணை எழுதிக் கொடுத்தால் அது உண்மை. அதன் காதுக்குப் பக்கத்தில் டேப்பைப் பிடித்துக் கடி வாங்கியவன் எழுதினால் அது வதந்தி.

இத்தோடு முடிந்ததா? யோசனை சொல்ல ஆரம்பித்தார். "அன்னிக்கு வரும்போது மயக்க மருந்து கொடுத்துட்டு வாங்க சார், அமைதியா இருக்கும்." அவர் தலைக்கு மேலே ஒட்டியிருந்த தாளில், அதே நிறுவனத்தின் முத்திரையோடு, மயக்க மருந்து கொடுத்த பிராணிகளை ஏற்க மாட்டோம் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கால்நடை மருத்துவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். அந்த உயரத்தில் ரத்த அழுத்தம் இறங்கும், மூச்சு திணறும், நிதானமாக நிற்க முடியாது. நான் அந்தத் தாளைக் கை காட்டினேன். திரும்பிப் பார்த்தார். "அது பழைய தாளு" என்றார்.

அடுத்த யோசனை: "நீங்க முன்னாடி போயிடுங்க சார், பூனை பின்னாடி வரும்." எத்தனை நாள் பின்னாடி? "இடம் கிடைக்கும்போது." உரிமையாளர் பயணத்துக்கும் பிராணி பயணத்துக்கும் நடுவில் 5 நாளுக்கு மேல் போனால் அது சொந்தப் பூனை என்ற சலுகை போய், வியாபாரச் சரக்குக்கான விதி வந்துவிடும். மீனுவை வியாபாரச் சரக்காக யார் வாங்கப் போகிறார்கள் என்பது வேறு விஷயம். இதை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "இவ்ளோ தெரிஞ்சு வச்சிருக்கீங்க, பேசாம நீங்களே ஏஜென்ட் ஆயிடலாமே சார்."

அப்போதுதான் மேற்பார்வையாளர் அம்மா ஒருவர் அந்தப் பக்கம் போனார். கூண்டை ஒரு பார்வை. உள்ளே ஒரு பார்வை. போல்ட்டைத் தொட்டு ஆட்டிப் பார்த்தார். "சைஸ் போதும். ஏன் நிறுத்தி வச்சிருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே நடந்துவிட்டார். நான் கைகூப்பலாமா அழலாமா என்று யோசிப்பதற்குள் மீனு எழுந்தது. நன்றாக முதுகை வளைத்து, வாலைத் தூக்கி, நின்றது. உட்கார்ந்தது. ஒரு சுற்றுத் திரும்பியது. படுத்தது. நாலும் முடிந்தது. நம்மவர் அந்த நேரம் டம்ளரை எடுக்கக் குனிந்திருந்தார். பார்க்கவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்த முடியாத சிரிப்பு. வரிசையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அவரும், எதற்கென்று தெரியாமலே, சிரித்தார். சிரித்துக்கொண்டே, "லேபிள் இல்லையே சார்" என்றார்.

உயிருள்ள பிராணி என்று எழுதிய லேபிள், எழுத்து 2.5 சென்டிமீட்டருக்குக் குறையாமல். மேல்பக்கம் எது என்று காட்டும் அம்புக்குறி, எல்லாப் பக்கமும். வைத்திருந்தேன், பையில். பறக்கிற நாளில் ஒட்டலாம் என்று. ஒட்டிக் கொண்டுவந்து காட்டினால்தான் படிவத்தில் முத்திரை.

ஆகவே இப்போது ராத்திரியில் உட்கார்ந்து லேபிள் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். ஒட்டிக்கொண்டிருக்கிறேன் என்பதே பொய். இந்த டேப் ரோலில் முனை எங்கே இருக்கிறது என்று அரை மணி நேரமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். சுற்றிச் சுற்றி நகத்தால் சுரண்டுகிறேன். கிடைத்தது என்று இழுத்தால் அரை அங்குல அகலத்துக்கு நார் மாதிரி கிழிந்து வந்து, ஒரு சுற்று ஓடி, மறுபடி காணாமல் போகிறது. இந்த வீட்டில் டேப்பைக் கடைசியாக எடுத்தது யார்? முனையை ஒரு மடி மடித்து வைக்க எவ்வளவு நேரமாகும்? ஒரு தீக்குச்சியாவது செருகி வைக்கக் கூடாதா? கேட்டால் ஒருவரும் தொடவே இல்லையாம். கத்தரிக்கோலையும் காணோம்.