தலைக்கு மேலே ஒரு மாடி

இன்றோடு என் பொறுமை போய்விட்டது. எங்கள் துறைக் கட்டடத்தின் மொட்டை மாடியில் இன்னொரு மாடி எழுப்புகிறார்கள், கீழே வகுப்பு நடக்கும்போதே! நான் வருகைப் பதிவைத் திறந்ததும் மேலே டிரில்லிங் மெஷின் அலறும். புதுத் தூணை இணைக்க, பழைய தூணின் தலையைக் கொத்திக் கம்பியை வெளியே எடுக்க வேண்டுமாம். சரி, எடுங்கள். அதைத் தேர்வு நாளிலா எடுப்பது? கல்லூரி, மருத்துவமனை போன்றவற்றைச் சுற்றி அறிவிக்கப்படும் அமைதி மண்டலத்தில் பகலில் 50 டெசிபல்தான் என்கிறது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. இங்கே என் குரலே எனக்குக் கேட்கவில்லை.

அப்புறம் தண்ணீர். மொட்டை மாடித் தட்டோட்டை முழுக்கப் பெயர்த்தாயிற்று. புதுத் தளம் போட்டு, கான்கிரீட் இறுகுவதற்காகக் குறைந்தது 7 நாள் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கினார்கள். அது வழிந்து எங்கே இறங்கும்? துறை நூலகத்துக்குத்தான். மாணவர்கள் வருடக்கணக்கில் புரட்டிய புத்தகங்கள் ஊறிப் பருத்துக் கிடக்கின்றன. பார்க்கவே வயிறு எரிகிறது. கோடை விடுமுறை முழுக்கக் கட்டடம் காலியாகத்தானே கிடந்தது? அப்போது ஒரு செங்கல்கூட மேலே ஏறவில்லையே, ஏன்?