வெள்ளைப் பொடி போட்டால் சாயத்தண்ணீர் குடிநீர் ஆகாது

"டைட்டானியம் டை ஆக்சைடு பொடி ஒரு ஸ்பூன் போட்டு வெயிலில் வைத்தால், சாயக்கழிவு கலந்த கிணற்றுத் தண்ணீரையும் குடிக்கலாம்" என்று திருப்பூர், நொய்யல் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. தயவுசெய்து நம்பிக் குடித்துவிடாதீர்கள்.

அந்தப் பொடி வினையூக்கி என்பது உண்மைதான். புற ஊதா ஒளி பட்டால் சாயம் போன்ற கரிமப் பொருள்களைச் சிதைக்கும், நிறம் வெளுக்கும். ஆனால் நம் கிணறுகளின் பெரிய தொல்லை நிறமா? உப்பு அல்லவா! சாயம் ஏற்றும்போது சேர்க்கும் சோடியம் குளோரைடும் சோடியம் சல்பேட்டும் இந்தப் பொடிக்கு அசையாது. பொடி போடும் முன்னும், போட்டுத் தெளிந்த பின்னும் டிடிஎஸ் மீட்டரை (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் கருவி) முக்கிப் பாருங்கள், எண் இறங்காது. குடிநீரில் இந்த எண்ணுக்கு இந்தியத் தரநிலை சொல்லும் வரம்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை.

இன்னொன்று, சாயம் பாதி சிதைந்து நின்றால் கண்ணுக்குத் தெரியாத வேறு பொருள்கள் தண்ணீரிலேயே கிடக்கும். பொடியும் மாவைவிட நுண்ணியது, வேட்டித் துணியில் வடிகட்டினால் நிற்காது.

கொதிக்கவைத்தாலும் உப்பு போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கரிக்கும். உப்பைப் பிரிக்க ஆர்.ஓ. (சவ்வு வழியே தண்ணீரை அழுத்தி வடிகட்டும் கருவி) வேண்டும். குழாயில் ஆற்றுத்தண்ணீர் வரும் வீடுகளில் குடிக்க அதையே பிடித்து வையுங்கள்.