குர்குமினுக்கு ரைம் இல்லையாம்!

ஒரு சொல்லுக்கு ரைம் உண்டா இல்லையா என்பதை இனிமேல் யாருமே காதால் கேட்டு முடிவு செய்ய மாட்டார்களா? போனை எடுக்கிறார்கள், சொல்லை ஆங்கிலத்தில் தட்டுகிறார்கள், ஒரு பட்டியல் வருகிறது. பட்டியலில் இருந்தால் ரைம், இல்லாவிட்டால் ரைம் இல்லை. அதற்கு மேல் பேச்சே கிடையாது. கொஞ்ச காலமாகவே பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டேன். இன்றைக்குக் கொட்டித் தீர்த்துவிடுகிறேன்.

நான் ஈரோட்டில் விளம்பரப் பாட்டு எழுதுகிறவன். ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி, மாட்டுத்தீவனம், பள்ளிக்கூட ஆண்டு விழா, ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு போகிற அறிவிப்பு, எது வந்தாலும் எழுதுவேன். பழைய கடைக்காரர்கள் ஒன்றே ஒன்றுதான் கேட்பார்கள்: "ஒருக்காக் கேட்டா சனங்க வாயில நிக்கோணும், அவ்வளவுதானுங்க." பாட்டு எழுதுகிறவனுக்கு இதைவிடத் தெளிவான உத்தரவு வேண்டியதில்லை. இப்போது கடையைப் பார்த்துக்கொள்கிற அடுத்த தலைமுறை அப்படிக் கேட்பதில்லை. "பர்ஃபெக்ட் ரைமா, நியர் ரைமா?" என்று கேட்கிறது. கேட்டுவிட்டு என் பதிலுக்காகக் காத்திருப்பதும் இல்லை, போனைப் பார்க்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். மஞ்சள்தூள் விற்கிற ஒருவர் பாட்டு கேட்டார். "குர்குமின்" என்ற சொல் கட்டாயம் வர வேண்டும், அதற்கு ரைமும் வர வேண்டும் என்பது நிபந்தனை. நியாயமான ஆசைதான். மஞ்சளுக்கு அந்த நிறத்தைக் கொடுப்பதே குர்குமின். 1815-லேயே அதை மஞ்சளிலிருந்து பிரித்து எடுத்துவிட்டார்கள். ஆனாலும் நம் ஊர் வாய்க்கு அந்தப் பெயர் பழகியது அண்மையில்தான். மண்டியில் விரலி மஞ்சளா கிழங்கு மஞ்சளா என்று பார்த்து விலை பேசியவர்கள் இப்போது குர்குமின் எத்தனை சதவீதம் என்றும் கேட்கிறார்கள். 2019-ல் ஈரோடு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடும் வந்துவிட்டது. பாக்கெட்டின் மேல் அந்தச் சொல் பெரிய எழுத்தில் ஏறும்போது பாட்டில் ஏறக் கூடாதா என்ன? எனக்கும் அந்தச் சொல் பிடித்துப்போனது. குள்ளமான, உருண்டையான சொல். நாக்கில் உருட்டிப் பார்க்கவே நன்றாக இருந்தது.

எழுதிக் கொடுத்தேன்.

"பர்கூர் மலையோரம் வீசுது காத்து,
குர்குமின் நெறஞ்ச மஞ்சளப் பாத்து!"

அப்புறம் முடிவு வரிகளாக இதை:

"கொங்கு மண்ணின் கொடையைக் காண்மின்,
கொழுத்த விரலியில் குர்குமின்!"

வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பர்கூர், குர்குமின். முதல் எழுத்து இரண்டிலும் குறில், இரண்டாம் எழுத்து இரண்டிலும் ர், அதற்கடுத்து கூ, கு. அந்தியூருக்கு மேலே இருக்கிற மலை, அந்த மலை மாட்டை இந்தச் சீமையில் தெரியாதவர்கள் குறைவு. எங்கிருந்தோ வந்த ஒரு வேதியியல் சொல் நம் மலைப் பெயரோடு கைகோத்துக்கொள்கிறது. காண்மின், குர்குமின். வம்மின், கேண்மின், காண்மின் என்று பழைய தமிழ் பலரை அழைக்கும்போது சொல்கிற அந்த "மின்", இந்தப் புதுச் சொல்லின் வாலில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. கொங்கு, கொடை, கொழுத்த, குர்குமின் என்று மோனை வேறு வரிசையாக விழுகிறது. இதைக் கண்டுபிடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் முதலாளியின் மகன் போன் செய்தார். "அண்ணா, நான் சைட்ல போட்டுப் பாத்தனுங்க. குர்குமினுக்கு ரைமே இல்லீன்னு வருதுங்களே. நீங்க எழுதுனது எப்படிங்ணா ரைம் ஆகும்?"

எப்படி ஆகும்? நீங்களே ஒருமுறை உரக்கப் படித்திருந்தால் தெரிந்திருக்கும், தம்பி.

அந்த சைட்டுகள் எப்படி வேலை செய்கின்றன என்பதை யாரும் யோசிப்பதே இல்லை. இப்படிப்பட்ட கருவிகளில் பலவற்றுக்கும் அடியில் இருப்பது ஓர் உச்சரிப்பு அகராதி. அதில் பெயர்பெற்றது அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொகுத்தது, 1,30,000-க்கும் மேற்பட்ட சொற்கள் கொண்டது. ஒவ்வொரு சொல்லையும் ஒலி ஒலியாகப் பிரித்து, எந்த உயிரொலியில் அழுத்தம் விழுகிறது என்று எண் போட்டு வைத்திருக்கிறார்கள். அருமையான உழைப்பு, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அது முழுக்க அமெரிக்க வாய். ஆங்கில ரைமின் கணக்கு, கடைசியாக அழுத்தம் விழுகிற உயிரொலியிலிருந்து சொல்லின் முடிவு வரை எல்லா ஒலியும் ஒத்துப்போக வேண்டும் என்பது. குர்குமினுக்கு ஆங்கிலத்தில் அழுத்தம் முதல் அசையிலேயே விழுகிறது. ஆக, தலை முதல் வால் வரை மூன்று அசையும் பொருந்தினால்தான் முழு ரைம். அப்படி ஒரு சொல் ஆங்கிலத்தில் எங்கே கிடைக்கும்? அகராதியில் ஏறாத அபூர்வச் சொல்லாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஒன்று வெறும் பக்கம் வரும், இல்லாவிட்டால் எழுத்துக்கூட்டலை வைத்து ஏதாவது ஊகம் வரும்.

நாம் ஆங்கிலச் சொல்லை அப்படியா சொல்கிறோம்? ஓர் அசையை மட்டும் தூக்கி அடித்து மற்றதை விழுங்குகிற பழக்கம் நமக்குக் கிடையாது. குர், கு, மின். மூன்றுக்கும் சம மரியாதை. இந்தப் பாட்டைக் கேட்கப்போவது அந்தப் பல்கலைக்கழகம் இருக்கிற பிட்ஸ்பர்க்கில் இருப்பவரா? பவானியிலும் சத்தியிலும் கொடுமுடியிலும் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள். அவர்கள் காதில் விழுவதுதானே கணக்கு!

இதையெல்லாம் சொன்னேன். "சரிங்ணா, அப்ப நியர் ரைம்லயாச்சும் ஏதாவது எடுத்துக்கலாமுங்க" என்று ஒரு பட்டியலை வாட்ஸப்பில் அனுப்பினார். அல்புமின், அது முட்டையின் வெள்ளைக்கருவில் இருக்கிற புரதம். பிட்டுமென், அது ரோட்டுக்கு ஊற்றுகிற தார். வெர்மின், அது எலியையும் பூச்சியையும் சொல்கிற சொல். மஞ்சள்தூள் விளம்பரத்துக்குத் தாரும் எலியும்! கருவியைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது, அதற்கு ஒலி மட்டும்தான் தெரியும். சமையற்கட்டு மணக்க வேண்டிய பாட்டுக்கு எந்தச் சொல் ஆகும், எது ஆகாது என்பதை மனிதன்தானே பார்க்க வேண்டும்?

அந்தப் பட்டியலில் அவருக்குப் பிடித்த சொல் "வைட்டமின்". "குர்குமின் என்னும் வைட்டமின்" என்று வரியையும் அவரே எழுதிவிட்டார். இங்கேதான் எனக்கு ரத்தம் கொதித்தது. குர்குமின் வைட்டமின் கிடையாது. அது மஞ்சளில் இருக்கிற ஒரு நிறப்பொருள், காய்ந்த மஞ்சளில் நூற்றுக்குச் சில பங்குதான் இருக்கும். வைட்டமின் என்றால் உடம்பு தானே போதுமான அளவு செய்துகொள்ள முடியாமல் சாப்பாட்டிலிருந்து எடுத்தே ஆக வேண்டிய சத்து. இது அந்தக் கூட்டத்திலேயே சேராது. ஓசை ஒத்துப்போகிறது என்பதற்காக ஒரு பொய்யை மைக்கில் கட்டி ஊர் ஊராகக் கொண்டுபோகச் சொல்கிறார்கள். பிள்ளைக்குப் பாலில் மஞ்சள்தூள் கலந்து கொடுத்துவிட்டு, வைட்டமின் போய்விட்டது என்று ஒரு தாய் நம்பினால் அதற்கு யார் பொறுப்பு? "அட, பாட்டுதானுங்களே" என்கிறார். பாட்டு என்பதால்தான் பயமே. பேச்சில் சொன்ன பொய் மறந்துபோகும், பாட்டில் சொன்னது மறக்காது.

சரி, நியர் ரைம் என்று பெரிதாகப் பேசுகிறார்களே, அது ஏதோ நேற்று வெளிநாட்டிலிருந்து வந்த சலுகை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முழுசாக ஒத்துப்போவது, கிட்டத்தட்ட ஒத்துப்போவது, எந்த இடத்தில் எந்த அளவுக்குத் தளர்த்தலாம் என்று நம் யாப்பு இலக்கணக்காரர்கள் பெயர் வைத்துப் பிரித்துவிட்டார்கள். இரண்டாம் எழுத்து அதே எழுத்தாக வந்தால் எதுகை. அதே எழுத்து வராமல் அந்த எழுத்தின் வருக்கம், அதாவது அதே மெய்யில் பிறந்த வேறு எழுத்து, வந்தால் வருக்க எதுகை. வல்லினத்துக்கு இன்னொரு வல்லினம் வந்தால் இன எதுகை. இடையில் ய், ர், ல், ழ் என்று ஒரு மெய் ஒட்டிக்கொண்டு நின்றாலும் பரவாயில்லை, அதற்கு ஆசிடை எதுகை. குறளில் "வாய்மை" என்று தொடங்கிய அடிக்கு "தீமை" எதுகையாக வருகிறதே, அதில் ய் நடுவில் நிற்பதை யாராவது குறையாகச் சொன்னோமா? அவ்வளவு தாராளமாக இருந்தவர்கள் ஓரிடத்தில் கறாராகவும் இருந்தார்கள். முதல் எழுத்தின் அளவு மாறக் கூடாது. கட்டுக்குப் பட்டு வரும், பாட்டு வராது. ஏன் என்றால் காது அங்கே இடறும்.

மோனையும் அப்படித்தான். சவுக்குத் த மோனை, ஞவுக்கு ந மோனை, மவுக்கு வ மோனை. "மஞ்சள் வாசம்" என்று சொல்லும்போது ஒரு சுகம் தெரிகிறதே, அது சும்மா வரவில்லை. இத்தனையும் கையில் வைத்துக்கொண்டு, பட்டியல் இல்லை என்றதும் ரைம் இல்லை என்று கைவிரிக்கிறவர்களைப் பார்த்தால் ஆத்திரம் வராமல் என்ன வரும்?

ஆங்கிலத்தில் முழு ரைம் கிடையாது என்று ஊர் முழுக்கச் சொல்கிற சொல் ஆரஞ்சு. தேடித் தேடிப் பார்த்து வேல்ஸ் நாட்டில் இருக்கிற பிளாரெஞ்ச் என்ற மலைப் பெயரைக் கொண்டுவந்து ஒட்டுவார்கள். அவர்கள் மொழியில் அது உண்மையிலேயே கஷ்டம்தான். நம் வாயில்? ஆரஞ்சு, பஞ்சு, பிஞ்சு, நெஞ்சு. திருப்பூரில் நின்றுகொண்டு ஆரஞ்சுக்கு ரைம் இல்லை என்றால் பஞ்சு மூட்டைகூட எழுந்து கேட்கும். இன்னொரு பாவப்பட்ட சொல் சில்வர். ஆங்கிலத்தில் அதற்கு ஜோடி என்று சொல்வது, பெண் செம்மறிக் குட்டிக்கு அங்கே ஒரு வட்டாரத்தில் வழங்கிய "ச்சில்வர்" (chilver) என்ற ஒரு பழைய சொல். நம்மிடம் "செல்வர்" இருக்கிறது. எதுகையும் சரி, கடைசி ஒலி ஒத்து வருகிற இயைபும் சரி. எவர்சில்வர் கடைக்குப் பாட்டு எழுதியவன் நான், சொல்கிறேன், அதற்குமேல் பொருத்தம் வேண்டியதே இல்லை.

இந்த நோய் எங்கிருந்து தொடங்குகிறது என்றும் எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுப் பாப்பா இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். ரைமிங் வேர்ட்ஸ் என்று ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். "பட்" என்பதற்கு "கட்" என்று எழுதியிருந்தாள், சரி போட்டிருக்கிறார்கள். அடுத்த கேள்வியில் "கட்" என்பதற்கு "புட்" என்று எழுதியிருந்தாள், அதற்கும் சரி போட்டிருக்கிறார்கள்! கடைசி இரண்டு எழுத்தும் ஒன்றுதானே என்கிறது அந்தத் தாள். உச்சரிப்பு என்ன ஆனது? லவ், மூவ் இரண்டும் எழுத்தில் ஒன்றுபோல முடியும், ஒலியில் வேறு. காஃப், த்ரூ இரண்டும் அப்படியே. கண்ணால் ரைம் பார்க்கப் பழகிய குழந்தை நாளைக்குப் பெரியவளாகி, பாட்டு எழுதுகிறவனிடம் போனை நீட்டாமல் வேறு என்ன செய்யும்?

இந்த மண்ணுக்கு இது அடுக்குமா? வள்ளி கும்மி ஆடுகிற ஊர்களில் போய் நின்று பாருங்கள். ஆசிரியர் ஓர் அடி பாட, வட்டத்தில் நிற்கிறவர்கள் வாங்கிப் பாடி அடியெடுத்து வைப்பார்கள். எதுகை எங்கே விழுகிறதோ அங்கே கை தட்டும், கால் திரும்பும். மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டி பத்ரப்பன் ஐயாவுக்கு 2024-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்களே, ஒரு வாழ்நாள் முழுக்க அவர் இந்தக் கும்மியைத்தானே சொல்லிக்கொடுத்தார்? படிக்காத பாட்டிகள்கூட ஓசை தட்டினால் உடனே முகத்தைச் சுளிப்பார்கள். அந்தப் பாட்டிகளின் பேரன்கள் "இது ரைமுங்களா?" என்று ஒரு திரையைப் பார்த்துக் கேட்கிறார்கள்.

வைட்டமின் வரியை எழுதித் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து என் நாலு வரியையும் திரும்ப எடுத்துக்கொண்டேன். வேறு யாரையாவது வைத்து அவர்கள் பதிவு செய்துகொள்ளட்டும். பர்கூரும் காண்மினும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. மஞ்சள் வியாபாரத்தில் இருக்கிறவர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் வாருங்கள், எழுதித் தருகிறேன். வேறு எந்தப் புதுச் சொல்லாக இருந்தாலும் கொண்டுவாருங்கள், அதற்கும் எதுகை தேடித் தருகிறேன். பேப்பரில் எழுதிக்கொண்டு வர வேண்டாம், பட்டியலும் வேண்டாம். உங்கள் வீட்டில், உங்கள் கடையில் அந்தச் சொல்லை எப்படிச் சொல்வீர்களோ, அப்படியே என் எதிரில் உட்கார்ந்து இரண்டு தடவை சொல்லுங்கள்.